கோதுமைத் தண்ணி

நான் செய்த பீரைக் குடித்துத்தான் அச்சுக்காரர் செத்தார் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. அவருடைய ஈரல் அதற்கு முன்பே கெட்டிருந்தது. ஆனால் நாலு வருஷமாகக் குடியைத் தொடாமல் இருந்த மனுஷர் கையில் மறுபடி டம்ளரைக் கொடுத்தவன் நான். பொய் சொல்லிக் கொடுத்தேன். எதற்காகக் கொடுத்தேன் என்று நினைத்தால் இப்போதும் கூசுகிறது. நான் செய்தது நன்றாக இருக்கிறது என்று அவர் வாயால் கேட்க வேண்டும். அவ்வளவுதான் காரணம்.

பர்மாவில், தாகேதா என்கிற பகுதியில் ஒரு சின்ன பவுண்டரியில் வேலை செய்கிறேன். சாக்கடை மூடி, பம்புக்கு வேண்டிய உறுப்புகள், படகு எஞ்சினுக்குச் சக்கரம் என்று வார்ப்பிரும்பில் எது கேட்டாலும் வார்த்துக் கொடுப்போம். உருகின இரும்பைக் கரண்டியில் வாங்கி மண் அச்சுக்குள் ஊற்றுவது என் வேலை, அந்த அச்சைக் கட்டுவது அச்சுக்காரர் வேலை. இரும்பு ஊற்றுகிற நாளில் சட்டையைப் பிழிந்தால் வாளியில் வேர்வை விழும். சாயங்காலம் வெளியே வரும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் வெறும் தண்ணீர் குடித்தால் வயிறு உப்புமே தவிர தாகம் போகாது. கடைச் சாராயம் குடித்தால் மறுநாள் கரண்டி பிடிக்க முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும் என்பது எனக்கு ரொம்ப நாள் யோசனை.

பவுண்டரிக்கு வருவதற்கு முன்னால் ஊர் நடுவில் ஒரு ஓட்டலில் ஆறு வருஷம் இருந்தேன். அங்கேயே பீர் காய்ச்சி அங்கேயே ஊற்றுவார்கள். நான் அண்டா கழுவுகிறவன். கழுவிக்கொண்டே பார்த்துப் பார்த்து எல்லாம் தெரிந்துகொண்டேன். ஒருநாள் காய்ச்சுகிறவரிடம், 'இந்தத் தடவை கொஞ்சம் புளிப்பு வாடை வருதே சார்' என்று சொல்லிவிட்டேன். அவர் திரும்பி, 'கழுவுறவனுக்கு மூக்கு எதுக்கு?' என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த அண்டாவை இரண்டு நாள் கழித்து அவர்களே சாக்கடையில் கொட்டினார்கள். என்னிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கொரோனா வந்த வருஷம் ஓட்டலை மூடினார்கள். கடைசி நாளில் ஒரு வெப்பமானியும் ஒரு பாட்டில் ஈஸ்ட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். எடுத்துக்கொண்டு வந்தேன் என்றால் திருடினேன் என்று அர்த்தம். மாசம் ஒரு தடவை சர்க்கரைத் தண்ணீர் காட்டி அந்த ஈஸ்ட்டை உயிரோடு வைத்திருந்தேன். கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் அதற்காக ஐஸ் வாங்கி டப்பாவில் போட்டு வைப்பேன். பெற்ற பிள்ளையைக்கூட இப்படிப் பார்த்துக்கொண்டதில்லை என்று என் வீட்டுக்காரி சொல்வாள்.

பீருக்கு முளைகட்டிக் காயவைத்த பார்லி வேண்டும், மால்ட் என்பார்கள். அதற்கு நான் எங்கே போவது? கோதுமையை முளைகட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது. முதல் இரண்டு தடவை பூஞ்சை பிடித்து நாறிப்போனது. அப்போதுதான் அச்சுக்காரர் மனைவியிடம் போனேன். அந்த அக்கா எங்கள் தெருமுனையில் காலையில் அவித்த பட்டாணி விற்கிறவர். பே பியோ என்று பர்மாக்காரர்கள் சோற்றோடும் நான் ரொட்டியோடும் சாப்பிடுவார்களே, அது. ராத்திரி ஊறப்போட்டு, லேசாக முளை விட்ட பதத்தில் அவிப்பார். அவர் பட்டாணியில் ஒருநாளும் கெட்ட வாடை இருந்ததில்லை.

'எதுக்கு தம்பி, பிள்ளைக்குக் கஞ்சியா?' என்று கேட்டார்.

'ஆமாக்கா. சத்து மாவு அரைக்கலாம்னு.'

அக்கா என்னைத் தன் வீட்டுப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். தண்ணீரை எத்தனை தடவை மாற்றுவது, ஈரத் துணியை எப்படிப் போடுவது என்று கையால் செய்து காட்டினார். 'அமுக்கி மூடிடாதே. அதுவும் மூச்சு விடணும். வேர் ஒரு கோதுமை நீளம் வந்ததும் வெயில்ல போட்டுடு.' அவர் இடது கை சுண்டுவிரல் மடங்கியே இருக்கும், நீட்ட வராது. அது எப்படி ஆனது என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும். அச்சுக்காரர் குடித்திருந்த காலத்தில் கதவு இடுக்கில் வைத்துச் சாத்தியது. அன்றைக்கு அந்த விரலைப் பார்த்துக்கொண்டேதான் நான் சத்து மாவு என்று சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காய்ச்சுவேன். முளைவிட்டுக் காய்ந்த கோதுமையை மாவு மில்லில் ஒன்றிரண்டாக உடைத்து வைத்திருப்பேன். அரிசியைக் குழைய வேகவைத்து அதோடு சேர்த்து, சூடு அறுபத்தைந்து டிகிரிக்கு மேலே போகாமல் கம்பளி சுற்றி மூடி வைப்பேன். ஒன்றரை மணி நேரத்தில் கஞ்சி கஞ்சியாக இருந்தது தெளிந்து, வாயில் வைத்தால் பாயசம் மாதிரி இனிக்கும். துணியில் வடிகட்டிக் கொதிக்கவிட்டு, கடைசியில் எலுமிச்சைத் தோலும் நசுக்கின கொத்தமல்லி விதையும் போடுவேன். ஆறியதும் குடிதண்ணீர் கேனில் ஊற்றி ஈஸ்ட்டைச் சேர்த்து, ஈரச் சாக்கைப் போர்த்தி, மூடியிலிருந்து ஒரு டியூபைத் தண்ணீர் டம்ளருக்குள் விட்டுவைப்பேன். மறுநாள் காலையில் அந்த டம்ளரில் குமிழி வரும். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். ஐந்தாம் நாள் பிளாஸ்டிக் சோடா பாட்டில்களில் ஒரு ஸ்பூன் சர்க்கரையோடு அடைத்தால், அடுத்த சனிக்கிழமை பாட்டிலை அமுக்க முடியாது, கல் மாதிரி இருக்கும்.

லேசான சரக்கு. இரண்டு டம்ளர் குடித்தால் தோள் இறங்கும், கால் தடுமாறாது. சனிக்கிழமை வேலை முடிந்ததும் பவுண்டரிக்குப் பின்னால் மண் குவியல் பக்கத்தில் உட்கார்ந்து ஏழு பேர் குடிப்போம். உலையைப் பார்த்துக்கொள்கிற பர்மியப் பெரியவர் ஒருவர், ஊலே என்று கூப்பிடுவோம், மாமா மாதிரி. அவரும் மற்றவர்களும் குடித்துவிட்டு 'கௌன்டே' என்பார்கள். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். வடித்த கஞ்சியை ஐஸ் போட்டுக் கொடுத்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். எனக்கு அது போதவில்லை.

குடிக்காதவர் ஒருவர்தான், அச்சுக்காரர். எங்களோடு உட்காருவார். வீட்டிலிருந்து இஞ்சியும் எலுமிச்சையும் போட்ட தண்ணீர் ஒரு பாட்டில் கொண்டுவருவார். ஆனால் அந்தக் கூட்டத்திலேயே நாக்கு உள்ளவர் அவர் ஒருவர்தான். அச்சு மண்ணில் ஈரம் கூடினால் இரும்பு தெறிக்கும், ஆளைக் கொன்றுவிடும். எல்லோரும் கையில் பிடித்துப் பதம் பார்ப்பார்கள். அவர் நுனிநாக்கிலும் வைத்துப் பார்ப்பார். என் வீட்டு மீன் குழம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, 'புளி போன வருஷத்துதுன்னு வீட்டுல சொல்லு' என்பார். சரியாக இருக்கும். என் பாட்டிலைத் திறக்கும்போது வருகிற வாசனையை அவர் மூக்கு வாங்குவதை நான் கவனிப்பேன். உடனே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒரு தடவை அவரே சொன்னார். 'எனக்கு ஒரு வாய் போதும்டா. ஒரு வாய் உள்ள போனா நான் நானா இருக்கமாட்டேன். பாப்பா தலைல கை வச்சுச் சொல்லியிருக்கேன்.' பாப்பா அவருடைய ஒரே மகள். பதினைந்து, பதினாறு வயசு. அதாவது எனக்கு எல்லாம் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

சித்திரையில் பர்மியர் கொண்டாடும் தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தின வாரம், நல்ல வெயில். உலையில் இரும்பு பாதி உருகியிருக்கும்போது கரண்ட் போனது. உலைக்குக் காற்று ஊதுகிற காற்றாடி நின்றது. ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. உலைக்குள்ளேயே இரும்பு உறைய ஆரம்பித்தது. உறைந்துவிட்டால் உலையையே உடைக்க வேண்டும். அச்சுக்காரர் உட்பட எல்லோரும் கடப்பாரையை எடுத்து நாலு மணி நேரம் அந்த அனலில் குத்திக் குத்தி வெளியே இழுத்தோம். முடிந்ததும் மண் குவியல் பக்கம் வந்து விழுந்தோம். ஐஸ் பெட்டியைத் திறந்து பாட்டில்களை எடுத்தேன். அச்சுக்காரர் தன் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தார். அதில் ஒரு சொட்டும் இல்லை.

நான் ஒரு டம்ளர் ஊற்றி அவரிடம் நீட்டினேன்.

'வேணாம்.'

'இது அது இல்லண்ணே. கோதுமைத் தண்ணி. முந்தாநாள் வச்சது, இன்னும் புளிக்கல. வாரம் ஆனாத்தான் அது பீராகும்.'

'சத்தியமா?'

'சத்தியமா.'

அவர் என் முகத்தைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது, எனக்கு ரொம்ப நேரம் போல இருந்தது. பிறகு வாங்கி, முதலில் கொஞ்சம் வாயில் வைத்திருந்து விழுங்கினார். மீதியை ஒரே மூச்சில் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். 'கொத்தமல்லி ஜாஸ்தி. வறுத்துட்டுப் போட்டிருக்கணும். தோல்ல வெள்ளைப் பாகம் சேர்ந்திருக்கு, அதான் கடைசியில கசக்குது. ஆனா நல்லாருக்குடா. ரொம்ப நல்லாருக்கு.'

ஊலே என்னைப் பார்த்து பர்மியத்தில் மெல்ல, 'இது பாவம்' என்றார். நான் சிரித்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குக் கால் தரையில் இல்லை.

அடுத்த வாரம் கொத்தமல்லியை வறுத்தேன். தோலை மேலாகச் சீவினேன். அவருக்கென்று ஒரு பாட்டிலில் சிவப்பு நூல் கட்டி, இதுதான் புளிக்காதது என்று கொடுத்தேன். எல்லாம் ஒரே கேனிலிருந்து எடுத்ததுதான். மற்றவர்களுக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. அது எங்களுக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது. அவர் டம்ளரை வாயில் வைக்கும்போது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். மூன்று வாரம் அப்படி ஓடியது. மூன்றாம் வாரம் அவர் இரண்டாவது டம்ளர் கேட்டார். நானே ஊற்றினேன்.

நாலாவது சனிக்கிழமை, எங்களில் ஒருவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பீர் மூக்கில் ஏறி, இருமிக்கொண்டே, 'அண்ணன் சத்தியத்தைக் காப்பாத்துறாரு பாரு' என்று சொல்லிவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அச்சுக்காரர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. டம்ளரில் மீதி இருந்ததைக் குடித்து முடித்தார். எழுந்துபோய் டம்ளரைக் கழுவி என் ஐஸ் பெட்டி மேல் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை வரவில்லை. புதன்கிழமை வந்தபோது அவர்மேல் வெள்ளைச் சாராய வாடை அடித்தது.

அதற்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு மாசத்தில் அவர் கை நடுங்க ஆரம்பித்தது. நுனிநாக்கில் மண்ணை வைத்துப் பார்ப்பார், ஆனால் நாக்கு பழைய நாக்கு இல்லை. ஒருநாள் ஈரம் மிஞ்சின மண்ணை அடித்து அச்சு கட்டிவிட்டார். நான் கரண்டியோடு கிட்டே போகும்போது ஊலே கத்தி நிறுத்தினார். ஊற்றியிருந்தால் அந்த இரும்பு என் முகத்துக்குத்தான் வந்திருக்கும். அன்றைக்கே முதலாளி அவரை அனுப்பிவிட்டார். எனக்கு உள்ளே எங்கேயோ, இனி இவர் முகத்தைத் தினமும் பார்க்க வேண்டாம் என்று ஒரு நிம்மதி வந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆடி மாசம், நல்ல மழைக்காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்பில் அண்டா இருந்தது. அக்கா குடையை வாசலில் சாத்திவிட்டு நேராகப் பின்பக்கம் வந்தார். முளைவிட்ட கோதுமையைப் பாயில் பரப்பி விசிறிக் காற்றில் காயவைத்திருந்தேன். அவர் குனிந்து ஒரு மணியை எடுத்து வேர் நீளத்தைப் பார்த்தார்.

'நல்லாத்தான் கத்துக்கிட்டிருக்கே' என்றார்.

என் வீட்டுக்காரி அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

'அக்கா, நான் வேணும்னு...'

'கதை கேக்க வரல. அந்தச் சாராயம் அவரைத் தின்னுது. டாக்டர் சட்டுனு நிறுத்தினாலும் ஆபத்துங்கிறாரு. உன்னுது லேசாமே. பகலுக்கு ரெண்டு, சாயங்காலம் ரெண்டு டம்ளர் கொடுத்தா அது இல்லாம இருக்கேன்னு அவரே சொல்றாரு. நீ செஞ்சு கொண்டாந்து கொடு. தினமும் நீயே கொண்டாந்து கொடுக்கணும். பாட்டிலை யார்கிட்டயும் கொடுத்தனுப்பக் கூடாது.'

'சரிக்கா.'

'ஆரம்பிச்சது நீ. முடியுற வரைக்கும் நீயே ஊத்து.'

மூன்று மாசம் தினமும் சாயங்காலம் வேலை முடிந்து பாட்டிலோடு அவர் வீட்டுக்குப் போனேன். பலகைக் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். கால் இரண்டும் வீங்கி, விரலால் தொட்டால் குழி விழும். கண் மஞ்சள். பாப்பா மூலையில் உட்கார்ந்து பட்டாணி பொறுக்கிக்கொண்டிருக்கும். என்னைக் கண்டால் எழுந்து உள்ளே போய்விடும். நான் டம்ளரில் ஊற்றிக் கொடுப்பேன். அவர் வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பார்.

'அரிசியைக் குறை. தண்ணியா போயிடுது.'

'இந்தத் தடவை கேன் வெயில் பட்ட இடத்துல இருந்திருக்கு.'

'சரியா வந்துட்டேடா. இதை மாத்தாதே.'

வயிறு பானை மாதிரி வீங்கிக் கிடந்த மனுஷனிடமிருந்து நான் பாடம் கேட்டேன். குறித்துவைத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு திருத்தினேன். என் பீர் அந்த மழைக்காலத்தில்தான் பீரானது. பரிகாரம் செய்வதாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். ஆனால் இன்றைக்கு என்ன சொல்வார் என்ற பேராசையோடும் போனேன். இரண்டில் எது அதிகம் என்று கேட்டால் இரண்டாவதுதான்.

ஒரு நாள் அக்கா கடைக்குப் போயிருந்தார். பாப்பாவும் இல்லை. நான் கேட்டேன். 'அண்ணே, என்மேல உங்களுக்குக் கோபமே வரலையா?'

அவர் டம்ளரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். 'முதல் வாய்லயே எனக்குத் தெரியும்டா. என் நாக்கைப் பத்தி உனக்குத் தெரியாதா? பீரையும் கோதுமைத் தண்ணியையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியாதவனா நான்?'

நான் பாட்டில் மூடியைத் திருகி இறுக்கினேன்.

'நீ சத்தியம்னு சொன்னே. எனக்கு அது போதுமா இருந்துச்சு. நீ பொய் சொன்னே, நான் நம்பினேன்னு வச்சுக்கலாம்ல? நாலு பேரு சிரிச்சப்புறம் அப்படி வச்சுக்க முடியல. அதான் போயிட்டேன்.' பிறகு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, 'இதைப் பாப்பாகிட்ட சொல்லிடாதே. அது நம்ம அப்பாவை ஏமாத்திட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டிருக்கு' என்றார்.

சொல்லமாட்டேன் என்று தலையாட்டினேன். வெளியே வந்தபோது, பல மாசமாகத் தோளில் இருந்த ஒன்று இறங்கினது போல இருந்தது. அவருக்குத் தெரியும். நான் ஏமாற்றவில்லை. அந்த நினைப்பை நான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டே, 'அதுக்காக சந்தோஷப்படுறியா?' என்று கேட்டாள்.

மழை விட்டு, பர்மியர் விளக்குப் பண்டிகைக்கு நாலு நாள் இருக்கும்போது ஆஸ்பத்திரியில் அவர் இறந்தார். கடைசி இரண்டு வாரம் என் பாட்டிலை அவர் தொடவில்லை. விழுங்க முடியவில்லை.

கருமாதிக்கு முந்தின நாள் அக்கா ஆள் அனுப்பினார். படையலுக்கு ஒரு பாட்டில் வேண்டுமாம். கொண்டுபோனேன். படத்துக்கு முன்னால் வாழை இலையில் சோறு, கோழி, மீன், சுருட்டு, வெற்றிலை எல்லாம் இருந்தது. நடுவில் என் பாட்டிலை வைத்தார்கள். ஊலே வந்திருந்தார். பவுண்டரி ஆட்கள் ஐந்து பேரும் வந்திருந்தார்கள். பாப்பா அம்மா பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தது. சூடம் காட்டி முடித்ததும் அக்கா பாட்டிலைத் திறந்து ஒரு டம்ளர் ஊற்றினார். எழுந்து வந்து என் முன்னால் வைத்தார்.

'குடி, தம்பி.'

எல்லோரும் பார்த்தார்கள். குடித்தேன்.

'இது என்ன?'

'பீருக்கா.'

'முத முதல்ல அவருக்குக் கொடுத்தப்போ இதை என்னன்னு சொல்லிக் கொடுத்தே? இங்க எல்லாரும் இருக்காங்க. சொல்லு.'

அக்கா குரல் உயரவில்லை. நான் வாயைத் திறந்து, 'கோதுமைத் தண்ணின்னு சொன்னேன்' என்று சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வரிக்காகத்தான் என்னை அங்கே உட்கார வைத்திருந்தார். பாப்பா தலை தூக்கி என்னைப் பார்த்தது. எனக்கு அந்தப் பார்வை தாங்கவில்லை. ஐந்து பேரும் தரையைப் பார்த்தார்கள். என்னோடு சேர்ந்து சிரித்தவர்கள் அவர்கள்.

'அவருக்குத் தெரியும்க்கா' என்றேன். 'முதல் வாய்லயே தெரியுமாம். அவரே என்கிட்ட சொன்னாரு. தெரிஞ்சுதான் குடிச்சேன்னு சொன்னாரு.'

பாப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. அம்மா ஏதாவது சொல்லி மறுப்பார் என்று காத்திருந்தது போலிருந்தது. அக்கா மறுக்கவில்லை. அக்காவிடமும் அச்சுக்காரர் சொல்லியிருக்க வேண்டும். பாப்பா எழுந்து, படத்துக்கு முன்னால் இருந்த சுருட்டையும் வெற்றிலையையும் ஒதுக்கி, படத்தைக் கையில் எடுத்தது. அப்பா முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தது. பிறகு சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு உள்ளே போனது. அழும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

நான் செருப்பு மாட்டும்போது அக்கா வாசலுக்கு வந்தார்.

'அவர் போனது போயிடுச்சு' என்றார். 'அவளுக்குன்னு நான் ஒண்ணே ஒண்ணுதான் வச்சிருந்தேன். எங்கப்பா சத்தியத்தை மீறல, ஏமாத்திட்டாங்கன்னு. அதை உன் வாயால அவ கேக்கணும்னுதான் உன்னைக் கூப்பிட்டேன். நீ உன்னைக் காப்பாத்திக்கிட்டே.'

இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

அதன் பிறகு பீர் காய்ச்சுவதை விட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான். நாலு மாசம் விட்டிருந்தேன். வெயில் காலம் வந்ததும் ஆட்கள் கேட்டார்கள். நாக்கும் கேட்டது. மறுபடி ஆரம்பித்தேன். அவர் மாற்றாதே என்று சொன்ன அளவிலேயேதான் செய்கிறேன். சனிக்கிழமை எல்லோரும் குடித்துவிட்டுக் கௌன்டே என்கிறார்கள். ஊலே மட்டும் இப்போது எங்களோடு உட்காருவதில்லை. வேலை முடிந்ததும் குளித்துவிட்டு நேராக வீட்டுக்குப் போய்விடுகிறார்.

பாப்பா படிப்பை நிறுத்திவிட்டு லைங் தாயாவில் ஒரு தையல் பாக்டரியில் வேலைக்குச் சேர்ந்தது. நாலு பெண்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறது. மாசத்துக்கு ஒரு தடவை அம்மாவைப் பார்க்க வரும். அப்பா படம் இன்னும் சுவர்ப் பக்கம்தான் இருக்கிறது என்று என் வீட்டுக்காரி கேள்விப்பட்டு வந்து சொன்னாள்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ் நிற்கிற இடத்தில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பையோடு நின்றிருந்தது. என்னைப் பார்த்து ஒதுங்கிப்போகும் என்று நினைத்தேன். அதுவாகவே கிட்டே வந்தது. தமிழ் பேச வராமல் இல்லை, ஆனால் பர்மியத்தில்தான் கேட்டது.

'அன்றைக்கு நீங்கள் சொன்னது நிஜமா? அப்பாவுக்குத் தெரியுமா?'

அதற்கு எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு வருஷமாகப் படுத்துக்கொண்டு யோசித்திருக்கிறேன். அதனால் தயங்கவில்லை.

'இல்லைம்மா. பொய். பயத்தில் சொல்லிவிட்டேன். உங்கப்பாவுக்குத் தெரியாது. நான்தான் ஏமாற்றினேன்.'

அது என் முகத்தையே பார்த்தது. அப்பா பார்த்தது போலவே நேராகப் பார்த்தது.

'அப்பாவிடமும் சத்தியம் என்றுதானே சொன்னீர்கள்' என்றது. 'நீங்கள் எப்போது நிஜம் சொல்கிறீர்கள், எப்போது பொய் சொல்கிறீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?'

பஸ் வந்தது. உள்ளே நல்ல கூட்டம். பையை முன்னால் அணைத்துக்கொண்டு படியில் ஏறி, கம்பியைப் பிடித்து நின்றது. பஸ் கிளம்பி வளைவு திரும்பும் வரை நான் அங்கேயே நின்றிருந்தேன். அது திரும்பிப் பார்க்கவில்லை.